மணிக்கட்டில் ஒரு கோடு

மார்ச் 3

என்னங்க,

இங்கே எல்லாம் நலம், என் கையைத் தவிர. போனில் பேசினால் சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துச் சண்டையில் முடிகிறது, அதனால் இனி எழுதிக்கொள்வோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது என்று வேறு ஒரு வியாக்கியானம். சரி, எழுதுகிறேன். நான் எழுதினால் நீளமாகத்தான் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கை ஒரு மாதமாக அரிக்கிறது. முதலில் விரல் இடுக்கில் கடுகு கடுகாகக் கொப்புளம் வந்தது. இப்போது புறங்கை முழுக்கச் சிவந்து தோல் உரிகிறது. மணிக்கட்டு வரைக்கும் வந்து, கோடு போட்ட மாதிரி அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஒரு பொட்டு கூட இல்லை. போன தடவை வந்தபோது, உங்கள் லேபுக்கு வாங்குகிற இடத்திலேயே எனக்கும் ஒரு பெட்டி நீல கிளவுஸ் வாங்கி வந்தீர்களே, அதைப் போடாமல் நான் யார் தலைக்கும் டை அடிப்பதே இல்லை. டை பாக்கெட்டோடு வரும் பிளாஸ்டிக் கிளவுஸ் லொடலொடவென்று இருக்கும், பிரஷ் நழுவும். இது கையோடு ஒட்டி நிற்கிறது. அப்படியிருந்தும் இந்தக் கதி.

ஆண், பெண், குழந்தை என்று ஊரில் பாதித் தலை என் கையில்தான் இருக்கிறது. இந்தக் கை படுத்துவிட்டால் கடை படுத்துவிடும். என் வீட்டுக்காரர் தோலுக்குள் இருக்கும் செல்லை ஆராய்ச்சி பண்ணுகிறார் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். அதற்காகவாவது நல்ல களிம்பாக ஒன்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 11

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை புருஷனாக, ஒரு தடவை ஆராய்ச்சிக்காரனாக. புருஷனுக்கு வருத்தம். ஆராய்ச்சிக்காரனுக்குச் சந்தேகமே இல்லை: இது டை அலர்ஜி.

தோலின் மேலடுக்கில் லாங்கர்ஹான்ஸ் செல் என்று ஒரு வகை இருக்கிறது. மற்ற செல்களுக்கு நடுவே நாலு பக்கமும் கிளை நீட்டி உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து எது உள்ளே புகுந்தாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்ததோடு கிளம்பி, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கே இருக்கும் டி செல்கள் என்ற சண்டைக்காரச் செல்களிடம் காட்டும். இந்த ஆளை இனி விடாதே என்று சொல்லிக்கொடுக்கிற மாதிரி. டி செல்கள் பெருகி உன் கைக்கு வந்து சேரும். சண்டை முடிந்த பிறகும் எல்லாம் திரும்பிப் போவதில்லை, கொஞ்சம் பேர் அதே இடத்தில் குடியேறிவிடுவார்கள். நினைவு செல்கள் என்று பெயர். அடுத்த தடவை அந்தப் பொருள் துளி பட்டாலும் அதே இடம் பற்றிக்கொள்ளும்.

தலைக்குச் சாயம் அடிப்பவர்களுக்கு டையால் இது வருவது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. டாக்டர், டெஸ்ட் என்று அலைய வேண்டாம். டை அடிப்பதை நிறுத்து. அந்த கிளவுஸ் மெலிசு, டை ஊறி உள்ளே போய்த் தேங்குகிறது. அதனால்தான் மணிக்கட்டில் கோடு. இனி ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடு. தலை அலச, துண்டு துவைக்க, கடை கூட்ட, எதற்கும் கழற்றாதே. இன்னும் இரண்டு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. கோபப்படாமல் படி. இதையே ஒரு காரணமாக வைத்துக் கடையை மூடிவிட்டு இங்கே வந்துவிட்டால் என்ன? நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து தனியாகத்தான் கிடக்கிறேன். சொல்லிவிட்டேன்.

உன்னுடையவன்


ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய விஞ்ஞானி அவர்களுக்கு,

பெட்டிகள் வந்தன. இரண்டு இரண்டாகப் போட்டேன். சாயங்காலம் கழற்றும்போது கை ஊறி வெளுத்து, என் கை மாதிரியே இல்லை. டையைத் தொட்டு மூன்று வாரம் ஆகிறது. உங்கள் கணக்குப்படி குறைந்திருக்க வேண்டும் இல்லையா? கூடியிருக்கிறது. விரலை மடக்கினால் வெடிப்பில் ரத்தம் வருகிறது. நேற்று ஒருவருக்குக் காது ஓரம் வெட்டும்போது கத்திரிக்கோலை இரண்டு தடவை கீழே வைத்தேன். அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

டீச்சரை உங்களுக்குத் தெரியாது. மாதம் தவறாமல் வருவார். உட்கார்ந்ததும் கண்ணை மூடி, “நீ பாட்டுக்கு அடி, நான் கொஞ்சம் தூங்குறேன்” என்பார். இப்போது டை அடிப்பதில்லை டீச்சர் என்றேன். கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“இது ஒட்டுமா?”

“ஒட்டாது டீச்சர்.”

“அதுக்குக் கேக்கலம்மா” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. எதிர் வரிசையில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், அங்கே போவதாகக் கேள்வி.

என்னோடு தலை அலசிவிடும் அக்காவை, தோளில் எந்நேரமும் துண்டு கிடப்பதால் துண்டக்கா என்று கூப்பிடுவோமே, அவர் கேட்கிறார்: “உன் வீட்டுக்காரர் தோல் டாக்டர்தானே? ஒரு மருந்து எழுதித் தர மாட்டாரா?”

“மனுஷங்களுக்கு இல்லக்கா, எலிக்கு.”

“அப்போ எலியாப் பொறந்திருக்கலாம் நீ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. செல் பிடிக்கிறது, செல் காட்டுகிறது, செல் குடியேறுகிறது. எல்லாம் அழகாக எழுதுகிறீர்கள். அதுகள் சும்மா இருக்க என்ன செய்ய வேண்டும்? அது மட்டும் கடிதத்தில் இல்லை. கடையை மூடு என்பது இருக்கிறது. அதைச் சொல்ல எட்டு வருஷ ஆராய்ச்சி எதற்கு? பஞ்சர் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
எலியாகப் பிறக்காதவள்


ஏப்ரல் 14

அன்புள்ள உனக்கு,

அதுகள் சும்மா இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். தெரியாது. எனக்குத் தெரியாது, புரொபசருக்கும் தெரியாது. போதுமா?

என் பாட்டையும் கேள். எலியின் காதில் ஒரு ரசாயனம் தடவி அலர்ஜியை வரவழைக்கிறோம். காது எவ்வளவு தடித்திருக்கிறது என்று ஒரு சின்னக் கருவியால் கவ்வி அளக்கிறோம். லாங்கர்ஹான்ஸ் செல்லே இல்லாத எலிகளுக்கு வீக்கம் குறையும் என்று எழுதிக் கொடுத்துத்தான் நான் இந்த வேலையில் சேர்ந்தேன். பிடித்துக்கொடுக்க ஆள் இல்லையென்றால் சண்டை எப்படி வரும்? ஆனால் என் எலிகளுக்குக் காது கூடுதலாக வீங்குகிறது. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. காதை இரண்டு தாளாகப் பிரித்து, மேல்தோலை உரித்து, சாயம் ஏற்றிப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. புரொபசர் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்: “நீ எங்கேயோ தப்பு பண்ற. திரும்பச் செய்.” இந்த லட்சணத்தில் நீயும் என்னைக் குடைகிறாய்.

டையை நிறுத்தியும் குறையவில்லை என்றால் அர்த்தம் ஒன்றுதான். உன் கடையே டை. துண்டில் இருக்கிறது, சீப்பில் இருக்கிறது, நாற்காலிக் கைப்பிடியில் இருக்கிறது. நினைவு செல்கள் மறக்காது. அந்த இடத்தை விட்டு வெளியே வந்தால்தான் கை பிழைக்கும். இதைக் கெஞ்சலாக எழுத வேண்டும் என்று நினைத்தேன், கத்தலாக வருகிறது.

வருகிற வரைக்கும் இதைப் போட்டுக்கொள்: முழங்கை வரை மூடும் நீண்ட கிளவுஸ். அனுப்பிவிட்டேன்.

இங்கே வீடு சின்னதுதான், ஆனால் காற்று வரும். அலமாரியில் பாதியை இன்னும் காலியாகவே விட்டிருக்கிறேன்.

உன்னுடையவன்


மே 6

என்னங்க,

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

நீண்ட கிளவுஸும் போட்டுப் பார்த்துவிட்டேன். அரிப்பு மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. அங்கே வந்து திரும்பவும் கோடு போட்டு நிற்கிறது. வீட்டில் தலை பின்ன முடியவில்லை, துண்டக்காதான் பின்னிவிடுகிறார். ஊருக்கெல்லாம் தலை வாரிவிட்டவள் தன் தலைக்கு ஆள் தேடுகிறேன்.

நேற்றுக் கட்டிட ஓனரைப் பார்த்து, இந்த மாதக் கடைசியில் கடையைக் காலி பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். “வயித்துல பால வார்த்தீங்கம்மா” என்றார். ஒரு தையல்காரர் ரொம்ப நாளாக இடம் கேட்டு நச்சரிக்கிறாராம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, அவருக்குப் பால் வார்த்திருக்கிறேன். திரும்பி வந்து கடையில் உட்கார்ந்து அழுதேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை, அதனால் நன்றாகவே அழ முடிந்தது.

துண்டக்கா விடவில்லை. “போறவ போ, கையைக் காட்டிட்டுப் போ” என்று என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா கையை அதிகம் பார்க்கவில்லை, முழங்கையைத்தான் பார்த்தார். “கிளவுஸ் எதுவரைக்கும் வரும்?” என்று கேட்டார். இதுவரைக்கும் என்று காட்டினேன். கடையில் புழங்கும் டை, ஷாம்பு, கிளவுஸ் எல்லாம் கொண்டு வரச் சொன்னார். அடுத்த வாரம் எல்லாவற்றிலும் துளித்துளி எடுத்து முதுகில் ஒட்டிவைத்து, எந்த இடம் சிவக்கிறது என்று பார்ப்பாராம். எது சிவந்தால் என்ன. கடைதான் போய்விட்டதே.

வந்துவிடுகிறேன். இது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மே 12

என் தங்கத்துக்கு,

நிஜமாகவா? உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு லேப் முழுக்கச் சுற்றி வந்தேன். புரொபசரிடம் சொன்னேன், அவரே பல் தெரியச் சிரித்தார். இன்றைக்கு எலிகளைக்கூடத் திட்டவில்லை.

ஜன்னலுக்குத் திரை வாங்கிவிட்டேன். மஞ்சளா பச்சையா என்று கடையில் நின்று குழம்பி, உனக்கு மஞ்சள் பிடிக்கும் என்று மஞ்சளே எடுத்தேன். இன்னொரு தலையணை, இன்னொரு தட்டு, ஒரு நல்ல தோசைக்கல்லும் வாங்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், “அப்போ இனிமே உங்க வீட்டு ரேடியோ தனியாப் பாடாது” என்றார்.

கடைச் சாமானை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடு, எதையும் சுமக்காதே. அந்தச் சுழல் நாற்காலி மட்டும் வேண்டுமானால் வரட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்.

எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

உன்னுடையவனே,
உன்னுடையவன்


மே 19

உங்களுக்கு,

டாக்டரம்மா முடிவு சொன்ன அன்றைக்கே உங்கள் கடிதமும் வந்தது.

டைக்கு ஒன்றுமே இல்லை. முதுகில் டை வைத்த இடம் சுத்தமாக இருக்கிறது, ஷாம்பு வைத்த இடமும் அப்படியே. கிளவுஸ் துண்டு வைத்த இடம்தான் சிவந்து, வீங்கி, கொப்புளித்திருக்கிறது. அந்த கிளவுஸை இழுத்தால் கிழியாமல் இருக்க ஏதோ ஒரு மருந்து சேர்த்துச் செய்கிறார்களாம். அந்த மருந்தை மட்டும் பக்கத்தில் தனியாக வைத்திருந்தார், அதுவும் அதே மாதிரி. துண்டக்கா செல்போனில் படம் எடுத்துக் காட்டினார். என் முதுகை நானே முதல் தடவையாகப் பார்த்தேன்.

நீங்கள் அன்பாகக் கொடுத்த கிளவுஸ். ஒன்று போதாது இரண்டு போடு என்றீர்கள், போட்டேன். மணிக்கட்டு வரை போதாது முழங்கை வரை போடு என்றீர்கள், போட்டேன். கோடு எங்கே நிற்கிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். கழற்றி எறிந்தேன், நாலாம் நாளே கை ஆற ஆரம்பித்துவிட்டது.

இதற்காக உங்கள் மேல் கோபம் இல்லை. தப்பு யாருக்கும் வரும். எனக்கு வயிறு எரிவது உங்கள் கடிதத்தைப் பார்த்து. திரை இருக்கிறது, தலையணை இருக்கிறது, தோசைக்கல் இருக்கிறது. என் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. டெஸ்ட் என்ன ஆயிற்று என்று இல்லை. என் கை கெட்டுவிடும் என்று பயந்துதான் கூப்பிடுகிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் வருகிறேன் என்றதும் கை உங்களுக்குத் தேவைப்படவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பீர்களா?

ஓனரிடம் ஓடினேன். “பேச்சு கொடுத்துட்டேனேம்மா, தையல்காரர் அட்வான்ஸ் குடுத்து மிஷினும் வாங்கிட்டாரே” என்றார். நான் நின்ற நிலையைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. எத்தனையோ வருஷமாக நான் கூட்டிப் பெருக்கிய தரையில் அடுத்த மாதம் தையல் மிஷின் ஓடும். வேறு இடம் தேடுகிறேன். ஸ்டேஷனுக்கு வராதீர்கள்.

இப்படிக்கு,
நான்


மே 25

அன்புள்ள உனக்கு,

ஏழெட்டுத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். ஒன்றில் அந்த மருந்து எப்படித் தோலுக்குள் போகிறது என்று விளக்க ஆரம்பித்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

அதே கிளவுஸைத்தான் நான் தினமும் போடுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் அது யாரையாவது ஏதாவது செய்யும் என்று தோன்றவே இல்லை. ரப்பரில் சேர்க்கும் மருந்தால் அலர்ஜி வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். உன் கை என்றதும் டை என்று முடிவு கட்டிவிட்டேன், ஏனென்றால் டை என்றால் கடை, கடை என்றால் மூடலாம். இப்போது யோசித்தால் எனக்கே கூசுகிறது.

உன் கை கெட்டதில் எனக்குச் சந்தோஷம் என்று மட்டும் நினைக்காதே. நீ வருகிறாய் என்றதும் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை. கையைப் பற்றிக் கேட்காமல் விட்டது எழுதும்போது எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

லேபில் புரொபசர் கடைசியில் ஒத்துக்கொண்டார். என் கையில் தப்பில்லையாம். அந்தச் செல்கள் சண்டையை மூட்டுவது மட்டும் இல்லை, அடக்கவும் செய்கின்றன போலிருக்கிறது. இத்தனை நாள் இதற்காக ஏங்கினேன், இன்றைக்கு அவர் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

லீவு கேட்டிருக்கிறேன். இடம் தேட, சாமான் தூக்க, எதற்காவது வரட்டுமா? இல்லை, நேராகவே கேட்கிறேன். என்னை வரவிடுவாயா?

உன்னுடையவன்


ஜூன் 20

என்னங்க,

பதில் எழுதத் தாமதம். வேண்டுமென்றேதான் தாமதித்தேன், பொய் சொல்ல விரும்பவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. மருந்துக் கடைக்கு மேலே, மாடி. படி குறுகல், வெயில் நேராக அடிக்கிறது, தண்ணீர் மேலே ஏற மோட்டார் முனகுகிறது. நாற்காலியை நானும் துண்டக்காவும் மருந்துக் கடைப் பையன்களும் சேர்ந்து ஏற்றினோம். பெரிய கண்ணாடி கழற்றும்போது உடைந்துவிட்டது. பழைய ஆட்களில் பாதிப் பேருக்கு நான் கடையை மூடிவிட்டேன் என்றே நினைப்பு. அவர்களைத் திரும்பப் பிடிக்க நாளாகும். சில நாள் ஈ ஓட்டுகிறேன்.

கை நன்றாக இருக்கிறது. நீங்கள் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். புதுத் தோல், தொட்டால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தோல் மறக்காது, இனி ஆயுசுக்கும் அந்த மருந்து பட்டால் ஏறிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். சரி என்றேன். அந்த மருந்து சேராத பிளாஸ்டிக் கிளவுஸாக, கைக்குப் பொருந்துவதாகத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். டை அடிக்கிறேன். பிரஷ் கொஞ்சம் நழுவுகிறது, பழகிவிடும்.

உங்கள் மேல் கோபம் தீர்ந்ததா என்று தினமும் பார்க்கிறேன். தீரவில்லை. குளிக்கும்போது வருகிறது, ஷட்டர் பூட்டும்போது வருகிறது. உங்களைப் பிடிக்காமலும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என் கடைக்குள் வந்ததெல்லாம் ஷட்டரை இறக்கத்தான். நாள் முடிந்து, தரை கூட்டி, நான் களைத்துப்போய் இருக்கும்போது வருவீர்கள். கிளம்பு, போகலாம் என்பீர்கள். நான் வேலை செய்து ஒரு நாள்கூட நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் மூடச் சொன்னது நீங்கள் பார்க்காத ஒன்றை.

அதனால் வாருங்கள். வீட்டுக்கு வேண்டாம், கடைக்கு வாருங்கள். சாமான் தூக்க வேண்டாம், எல்லாம் தூக்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், அன்றைக்கு லீவு. சனிக்கிழமை காலையிலேயே வாருங்கள், கூட்டம் இருக்கும் நாள் அது ஒன்றுதான். மற்றவர்களோடு பெஞ்சில் உட்காருங்கள். முன்னால் வந்தவர்களுக்கு முடிந்த பிறகு கூப்பிடுவேன். புருஷன் என்று யாரிடமும் சொல்லி முந்திக்கொள்ளாதீர்கள்.

உங்கள் முறை வரும்போது நாற்காலியில் உட்காருங்கள், முடி வெட்டிவிடுகிறேன். அதுவரைக்கும் அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் பாருங்கள். பார்த்த பிறகும் உங்களுக்குக் கடையை மூடு என்று சொல்லத் தோன்றினால் அங்கேயே, என் கையில் கத்திரிக்கோல் இருக்கும்போதே, சொல்லுங்கள். நான் வெட்டி முடித்து, கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டு, போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

தோன்றாவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். எழுந்து போய்த் திரும்பவும் பெஞ்சில் உட்காருங்கள். கடை மூடும்போது சேர்ந்து போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி